இரு வரைவியல் அட்டைகளும் ஒரு நினைவக வரலாறும்

விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட பொருளொன்று ஆய்வுகூடக் கருவியாக மாறுவது விஞ்ஞான வரலாற்றில் புதுமையன்று. ஆயினும் கணனியின் வரைவியல் அட்டையிடத்து இம்மாற்றம் நிகழ்ந்த வேகம் தனித்து நோக்கற்பாலது. என்விடியா நிறுவனம் 2010 நவம்பரில் வெளியிட்ட ஜிபோர்ஸ் ஜி.ரி.எக்ஸ் 580 என்னும் அட்டை, மேசைக் கணனியில் விளையாடுவோரை நோக்கி 499 டொலருக்கு விற்கப்பட்டது. அதே நிறுவனம் 2022 டிசம்பரில் விற்பனைக்கு விட்ட ஆர்.ரி.எக்ஸ் 6000 ஏடா, பொறியியலாளரும் ஆய்வாளரும் கையாளும் பணிநிலையக் கணனிக்குரியது. வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 6,800 டொலராயிருந்தது. இவ்விரண்டினையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோர் வேகத்தின் பெருக்கத்தைக் கண்டு வியந்து அவ்வளவில் நின்றுவிடுவதுண்டு. வரலாற்று மாணவனுக்கு அது போதாது.

பழைய அட்டையின் புகழ் விளையாட்டினால் வந்ததன்று. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெவ்ரி ஹின்ரனின் மாணவராயிருந்த அலெக்ஸ் கிறிசெவ்ஸ்கி, சக மாணவர் இலியா சுற்ஸ்கெவருடன் சேர்ந்து, படங்களை இனங்காணும் நரம்பு வலையமைப்பு ஒன்றினை இத்தகைய இரு அட்டைகளைக் கொண்டே பயிற்றினார். அதற்கெனப் பெருங்கணனி நிலையம் எதுவும் நாடப்படவில்லை. பெற்றோர் இல்லத்தில் அவரது அறையிலிருந்த கணனியே போதுமாயிற்று. ஏறத்தாழ 12 இலட்சம் படங்களைத் தொண்ணூறு தடவை மீட்டுக் காட்டிப் பயிற்றுவதற்கு ஐந்தாறு நாட்கள் சென்றன. 2012இல் நடைபெற்ற இமேஜ்நெற் போட்டியில் அவர்கள் சமர்ப்பித்த முடிவின் வழு 15.3 வீதம், இரண்டாமிடம் பெற்றோரின் வழு 26.2 வீதம். பின்னாளில் அலெக்ஸ்நெற் எனப் பெயர்பெற்ற வலையமைப்பு இதுவேயாகும்.

இரண்டு அட்டைகள் ஏன் வேண்டப்பட்டன என்னும் வினா இங்கு முக்கியமானது. ஜி.ரி.எக்ஸ் 580இன் நினைவகம் 1.5 கிகாபைற்று. அட்டை தயாரிப்போர் சிலர் அதனை இரட்டித்து 3 கிகாபைற்று அட்டைகளை விற்றனர். கிறிசெவ்ஸ்கி பயன்படுத்தியவை இவையே. வலையமைப்பின் பரமானங்கள் ஆறு கோடி; அவற்றை மாத்திரம் வைப்பதற்கு 240 மெகாபைற்று அளவே போதும். ஆனால் பயிற்சியின்போது 128 படங்கள் ஒருங்கே உட்செலுத்தப்பட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் தோன்றும் இடைவிளைவுகள் யாவும் சேமிக்கப்படல் வேண்டும். இடத்தை நிரப்பியவை இவையே. ஆகவே வலையமைப்பு இரு கூறாக்கப்பட்டு, குறித்த சில அடுக்குகளில் மாத்திரம் இரு அட்டைகளும் தொடர்புகொள்ளுமாறு அமைக்கப்பட்டது. விளைவு விந்தையானது: ஓர் அட்டையிலிருந்த முதலடுக்கு வடிப்பான்கள் பெரும்பாலும் நிறத்தைப் பொருட்படுத்தாதனவாயும், மற்றையதிலிருந்தவை நிறஞ்சார்ந்தனவாயும் தாமே பிரிந்து அமைந்தன. ஒவ்வொரு தடவையும் இவ்வாறே நிகழ்ந்ததென அவர்களது கட்டுரை கூறுகின்றது. பொருளின் பற்றாக்குறை, சிந்தனையின் வடிவத்திலும் தன் சுவட்டைப் பதித்தது எனலாம்.

புதிய அட்டையில் இப்பிரிப்புக்குத் தேவையே எழாது. அதன் நினைவகம் 48 கிகாபைற்று, அதாவது பதினாறு மடங்கு. திரான்சிற்றர்களின் தொகை 300 கோடியிலிருந்து 7,630 கோடியாகவும், கணிப்புக் கருக்கள் 512இலிருந்து 18,176ஆகவும் உயர்ந்துள்ளன. செக்கனுக்கு 1.58 இலட்சம் கோடி கணிப்புகளைச் செய்த இடத்தில் இன்று 91.1 இலட்சம் கோடி செய்யப்படுகின்றது; இது ஐம்பத்தேழு மடங்கினும் அதிகமாகும். மின்வலுவோ 244 வாற்றிலிருந்து 300 வாற்றாக மாத்திரமே கூடியது.

ஆனால் நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடைப்பட்ட பாதை இரு அட்டைகளிலும் 384 பிற் அகலமுடையதே. இப்பாதையை அகலமாக்கின் சில்லின் விளிம்பிலும் சுற்றுப்பலகையிலும் இணைப்புகள் பெருகி, ஆக்கச் செலவும் ஏறும். எனவே அகலத்தை விடுத்து, தரவு செல்லும் வேகமே உயர்த்தப்பட்டது. அவ்வழியால் கிடைத்த வளர்ச்சி செக்கனுக்கு 192.4 கிகாபைற்றிலிருந்து 960 கிகாபைற்றுவரை, ஐந்து மடங்கு மட்டுமே. ஐம்பத்தேழு மடங்கு விரைந்து கணிக்கும் சில்லுக்கு ஐந்து மடங்கு உணவே வந்து சேருமாயின், அது பெரும்பாலும் காத்திருக்கவே நேரிடும். இக்குறையை ஈடுசெய்யவே சில்லினுள் அமைந்த இரண்டாம் நிலைப் பதுக்ககம் 768 கிலோபைற்றிலிருந்து 96 மெகாபைற்றாகப் பெருக்கப்பட்டது.

பணிநிலைய அட்டை என்பதனால் அனைத்திலும் உயர்ந்ததெனக் கொள்ளலும் பொருந்தாது. தானே வழுத் திருத்தும் நினைவகம் அதன் மெய்யான சிறப்பு. பலநாட் கணிப்பில் ஒரு பிற் பிறழ்வதும் முடிவைக் கெடுக்கலாம். இதற்கு மாறாக, பௌதிகவியலாளர் வேண்டும் இரட்டைத் துல்லியக் கணிப்பில் பழைய அட்டை தன் ஒற்றைத் துல்லிய வேகத்தில் எட்டிலொன்றைத் தந்தது. புதியது அறுபத்து நான்கில் ஒன்றையே தருகின்றது. அதனால் இத்துறையில் வளர்ச்சி ஏழு மடங்களவில் நின்றுவிட்டது.

விலையேற்றமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2012இல் உலகின் முன்னணி ஆய்வொன்றை மாணவர் ஒருவர் தம் அறையிலிருந்தே நிகழ்த்த முடிந்தமைக்குக் காரணம், விளையாட்டுச் சந்தைக்கென மலிவாக ஆக்கப்பட்ட பண்டமும் ஆய்வுக்கு வேண்டிய கருவியும் ஒன்றாயிருந்தமையாகும். 48 கிகாபைற்று நினைவகமுடைய ஆர்.ரி.எக்ஸ் 6000 ஏடாவோ, வெளிவந்தபோது ஜி.ரி.எக்ஸ் 580இன் விலையிலும் பதின்மூன்று மடங்குக்கு மேற்பட்ட விலையுடையதாயிருந்தது.

பழைய அட்டைகள் பழுதுற்றமையாற் கைவிடப்பட்டவை அல்ல. 2017இல் வெளிவந்த கியூடா ஒன்பதாம் பதிப்பு அத்தலைமுறைச் சில்லுகளுக்கான ஆதரவை நீக்கியது. மறு ஆண்டில் வரைவியற் சாரதி மென்பொருளின் இற்றைப்படுத்தலும் நிறுத்தப்பட்டது. அலெக்ஸ்நெற்றின் மூலச் செய்நிரலைக் கலிபோர்னியாவிலுள்ள கணனி வரலாற்று நூதனசாலை 2025 மார்ச்சில் எவரும் படிக்கத்தக்கதாக வெளியிட்டது. இரு அட்டைகளுக்கெனப் பிரித்தெழுதப்பட்ட அப்பகுதிகள் அதில் இருந்தபடியே உள்ளன.