மொஸ்கோ 1800 கிலோமீற்றர்

எங்கட ஊர்களில வீதிக்குப் பேர் வைக்கிற முறையைக் கவனித்திருப்பீர்கள். யாழ்ப்பாண நகரத்தில் நின்றால் அது கண்டி வீதி. பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, காங்கேசன்துறை வீதி, மானிப்பாய் வீதி எல்லாம் அதே மாதிரித்தான். எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊரின்ர பேர்தான் வீதிக்கும். சரி, அந்த ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் என்ன நடக்கும்? கடந்த நூற்றாண்டில் இரண்டு நாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் அரசாங்கம் செய்தது. மற்றதில் சனம் செய்தது.

முதலாவது பிரித்தானியா. 1940 மே மாதக் கடைசி. டன்கேர்க் கடற்கரையில் மாட்டுப்பட்டிருந்த படையினரைக் கப்பல்களிலும் சின்னப் படகுகளிலும் ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள். அந்த மாதம்தான் ஜேர்மன் படையினர் நெதர்லாந்தில் பரசூட்டில் குதித்திருந்தார்கள். அடுத்தது எங்கட தலைக்கு மேலதான் என்ற பயம் பிரித்தானியாவில் எல்லோருக்கும் இருந்தது. வானத்திலிருந்து இறங்குகிறவனுக்கு முதலில் தெரியவேண்டியது, தான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதுதான். ஆகவே அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது: ஓர் ஊரின் பெயரையோ, அது இருக்கும் திசையையோ, அதற்கான தூரத்தையோ காட்டும் எந்தப் பலகையும் நாட்டில் இருக்கக்கூடாது.

சந்திகளில் நின்ற கைகாட்டிகள் பிடுங்கப்பட்டன. மைல்கற்கள் சிலவற்றைத் தோண்டியெடுத்துப் புதைத்தார்கள், சிலவற்றின் எழுத்தைக் கொத்தி அழித்தார்கள். கடைப் பலகைகளிலும் வியாபார வண்டிகளிலும் இருந்த ஊர்ப் பெயர்கள்கூட மறைக்கப்பட்டன. ரயில் நிலையங்களின் பெரிய பெயர்ப்பலகைகளும் போயின. இரவில் இருட்டடிப்பு வேறு. ரயிலில் வருகிறவர் எந்த நிலையத்தில் இறங்குவது என்று தெரியாமல் முழிக்கவேண்டியதுதான். ஜூன் மாதத்தில் வீடு வீடாக ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. எதிரி வந்தால் அவனுக்கு ஒன்றும் சொல்லாதீர்கள், சாப்பாட்டையும் சைக்கிளையும் வரைபடங்களையும் ஒளித்து வையுங்கள் என்று அதில் இருந்தது.

இதை இன்று வாசித்தால் சிரிப்பு வரலாம். ஜேர்மன் இராணுவத்திடம் பிரித்தானியாவின் நல்ல வரைபடங்கள் இருந்தன. பிறகு பலகையைக் கழற்றி என்ன பிரயோசனம்? ஆனால் நான் நினைக்கிறேன், அந்த உத்தரவு அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை. வரைபடம் வைத்திருப்பவனுக்கும், தான் நிற்கிற சந்தி அதில எந்தச் சந்தி என்று உறுதிப்படுத்த ஏதாவது வேணும். அதைத்தான் எடுத்துவிட்டார்கள்.

பிரச்சினை வேற இடத்தில வந்தது. செப்டம்பரில் ஹிட்லர் படையெடுப்பை ஒத்திவைத்தார். ஜேர்மனியர் வரவே இல்லை. வழி தவறினது முழுக்க உள்நாட்டு ஆக்கள்தான்: லொறிச் சாரதிகள், புது மாவட்டத்துக்கு மாற்றப்பட்ட படையினர், குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்தை விட்டு வந்த குடும்பங்கள். வழி கேட்கலாமே என்றால், அதுவும் ஆபத்து. வழி கேட்கிறவனை உளவாளியோ என்று பார்க்கிற காலம் அது. உச்சரிப்பு கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் பொலிஸுக்குத் தகவல் போகும். எதிரியைக் குழப்பப் போட்ட உத்தரவு, ஊர்க்காரரை வெளியூர்க்காரரில் சந்தேகப்பட வைத்தது.

இனி 28 வருடம் தள்ளிப் போவோம். செக்கோஸ்லோவாக்கியா, 1968. அந்த வருட ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்த அலெக்சாண்டர் டூப்செக், பத்திரிகைத் தணிக்கையைத் தளர்த்தினார். ஜூனில் அதைச் சட்டத்தாலேயே நீக்கினார்கள். சனம் பேசத் தொடங்கியது. மொஸ்கோவுக்கு அது பொறுக்கவில்லை. ஓகஸ்ட் 20 இரவு சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியப் படைகள் எல்லை தாண்டின. விடியும்போது பிராக் நகரத்தில் யுத்த தாங்கிகள். டூப்செக்கைப் பிடித்து மொஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். நாட்டின் சொந்த இராணுவத்துக்கு, எதிர்த்துச் சுடவேண்டாம் என்பதுதான் கட்டளை.

வானொலி நிலையத்துக்கு முன்னால் நடந்த மோதலில் சனம் செத்தது. ஆனால் வானொலி நிற்கவில்லை. அறிவிப்பாளர்கள் இரகசிய இடங்களில் இருந்து மாறி மாறிப் பேசினார்கள். 23ஆம் திகதி அளவில் அதில் ஒரு வேண்டுகோள் வந்தது: கைதுகள் தொடங்கப்போகின்றன, தெருப் பெயர்களையும் வீட்டு இலக்கங்களையும் கழற்றுங்கள். மிகக் குறுகிய நேரத்துக்குள் பிராக் பெயரில்லாத நகரமானது. கதவுகளில் இருந்த குடும்பப் பெயர்கள்கூட இல்லை. பல தெருக்களுக்கு டூப்செக்கின் பெயரை எழுதி விட்டார்கள். சில கிராமங்களும் தங்கட பெயரை டூப்செக் என்று மாற்றிக்கொண்டன.

நெடுஞ்சாலைகளில் நடந்தது இன்னும் பெரிய விசயம். ஊர்ப் பெயர்களின் மேல் வண்ணம் பூசினார்கள், அம்புக்குறிகளைத் திருப்பி வைத்தார்கள். ஒரேயொரு ஊருக்கு மட்டும் புதிதாகப் பலகை எழுதினார்கள்: மொஸ்கோ, 1800 கிலோமீற்றர். போலந்துப் படைப்பிரிவு ஒன்று நாள் முழுக்கச் சுத்திவிட்டுத் திரும்பவும் தங்கட எல்லைக்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால், இரகசிய வானொலி எங்கிருந்து பேசுகிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகள் ரயிலில் வந்தபோது, ரயில்வேத் தொழிலாளர்கள் அந்த ரயிலை வேண்டுமென்றே தாமதப்படுத்தினார்கள். அதுவும் இதே வேலைதான்.

இங்கே கவனிக்கவேண்டியது, அந்த நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி கட்டாயமாகப் படித்தவர்கள். சோவியத் படைவீரன் சந்தியில் நின்று வழி கேட்டால் அவர்களுக்கு நல்லா விளங்கும். விளங்கியும் சொல்லவில்லை, அல்லது பிழையாகச் சொன்னார்கள். இளம் பெடியள் தாங்கிகளில் ஏறி நின்று, ஏன் வந்தாய் என்று அதே மொழியில் கேட்டார்கள். பிரித்தானியாவில் பலகை போனதும் ஆளை ஆள் சந்தேகித்தார்கள். பிராக்கில் யார் அந்நியன் என்பதில் ஒருவருக்கும் குழப்பம் இருக்கவில்லை. பிராக்கில் பிறந்தவருக்குத் தன் தெருவின் பெயர்ப்பலகை எதற்கு? கையில் பெயர்ப் பட்டியலோடு வருகிறவனுக்குத்தான் அது வேணும்.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விமான நிலையமும் முக்கியமான கட்டடங்களும் முதல் நாளே பறிபோய்விட்டன. பலகைகள் கழன்றது அதற்குப் பிறகுதான். கிடைத்தது சில நாட்கள். 26ஆம் திகதி மொஸ்கோவில், கொண்டுபோகப்பட்டிருந்த தலைவர்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தார்கள். மறுத்தவர் ஒரே ஒருவர், பிரான்டிசெக் கிரீகெல். 1969 ஏப்ரலில் டூப்செக்கின் பதவி போனது. இலட்சக்கணக்கானோர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள், பலருக்கு வேலையும் போனது. சோவியத் படை கடைசியாக வெளியேறியது 1991இல்.

பலகைகள் எல்லாம் திரும்பவும் ஏறின. அதற்குப் பிறகு இரகசியப் பொலிஸுக்குத் தெருப் பெயரைத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர் என்று தகவல் சொல்ல ஆக்கள் கிடைத்தார்கள். 1968 ஓகஸ்டில் வாயே திறக்காத அதே நகரம்தான் இது. அந்த ஒரு கிழமையை விட, அதற்குப் பிறகு வந்த 20 வருடம்தான் எனக்கு விளங்கக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த நாட்களின் படங்களை எடுத்தவர்களில் ஒருவர் ஜோசப் கூடெல்கா. அவரது படச்சுருள்கள் இரகசியமாக நாட்டைவிட்டு வெளியே போய், 1969இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தன. படங்களுக்குக் கீழே அவரது பெயர் இல்லை. பி.பி. என்று மட்டும் இருந்தது. பிராக் புகைப்படக்காரர் என்பதன் முதலெழுத்துகள். குடும்பம் உள்ளே இருந்தது. தகப்பன் இறந்தபின், 1984இல்தான் தன் பெயரைப் போட்டார்.