நண்பர்களுக்குள் ஒரு போர்: சிற்றுருவப் போர் விளையாட்டுப் போட்டியை மன்ற அளவில் நடத்துவது எப்படி?

விரல் உயர வீரர்களை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசைமீது அணிவகுக்கச் செய்து, அளவு நாடாவையும் பகடையையும் கொண்டு மோதவிடுவதே சிற்றுருவப் போர் விளையாட்டு. கேரம்போலப் பலகையை விரித்ததும் ஆடத் தொடங்கிவிட முடியாது. ஒரு படையைத் தயார்செய்யப் பல மாதங்கள் ஆகலாம். ஓர் ஆட்டத்தை முடிக்கவே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வார இறுதிகளில் பொழுதுபோக்குக் கடைகளிலும் நண்பர்களின் வீடுகளிலும் இவ்விளையாட்டை ஆடும் சிறு குழுக்கள் உண்டு. அப்படிப்பட்ட குழுவில் என்றாவது ஒருநாள், “நமக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தால் என்ன?” என்ற பேச்சு எழும். அங்கிருந்துதான் சிக்கல் ஆரம்பம்.

முன்பின் அறியாதவர்கள் மோதும் பொதுப் போட்டியில் தோற்றவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடலாம். நண்பர்களுக்குள் நடப்பதில் அது முடியாது. சனிக்கிழமை சண்டையிட்ட இருவரும் அடுத்த சனிக்கிழமை அதே மேசையில் உட்கார வேண்டும். ஆகவே, இத்தகைய போட்டியின் விதிகளை எழுதும்போது முதலிடம் பெறுபவரைவிடக் கடைசி இடத்துக்குப் போகப்போகிறவரைப் பற்றித்தான் ஏற்பாட்டாளர் அதிகம் யோசிக்க வேண்டும்.

நூறாண்டுக்கு முந்தைய கடிகாரம்

யானை, குதிரை, தேர், காலாள் என நான்கு படைகளையும் பலகையில் நிறுத்திய சதுரங்கத்தின் தாயகம் இந்தியா. நிலப்படத்தின்மீது படைக் கட்டைகளை நகர்த்தி, நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லும் ஆட்டத்தை 1824ல் பிரஷ்ய ராணுவத்திற்கு வடிவமைத்துத் தந்தார் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி. அதிகாரிகளின் பயிற்சிக்கு அது பயன்பட்டது.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913ல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூல் பொம்மைப் படை வீரர்களைக் கொண்டு தரையில் ஆடும் போருக்கு விதிகளைத் தந்தது. வில்சுருள் பொருத்திய சிறு பீரங்கிகளால் பொம்மைகளைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம் அது. அதிலேயே ஒவ்வொருவர் முறைக்கும் நேர வரம்பு இருந்தது. நண்பர்களுக்குள் ஆடும்போதும் கடிகாரம் தேவை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

இன்று உலகெங்கும் பரவலாக ஆடப்படுவது, பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987ல் அறிமுகப்படுத்திய ‘வார்ஹேமர் 40,000’. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இருவரும் 1,000 அல்லது 2,000 புள்ளிகளுக்குள் படை திரட்டி மோதுவார்கள். 2023ல் வெளிவந்த அதன் பத்தாம் பதிப்பை வைத்து, எட்டுப் பேர் ஒரே நாளில் ஆடும் போட்டியை எப்படி நடத்தலாம் எனப் பார்க்கலாம்.

எட்டுப் பேர், மூன்று சுற்று

தோற்றவர் வெளியேறும் முறை காற்பந்துக் கிண்ணத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. எட்டுப் பேரில் நான்கு பேர் முதல் சுற்றிலேயே வெளியேறுவர். படையைப் பஞ்சுப் பெட்டியில் அடுக்கி, எம்ஆர்டியில் தூக்கி வந்தவர், காலை 11 மணிக்கெல்லாம் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார். அப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த ஆண்டு பெயர் கொடுக்க அவர் யோசிப்பார்.

இதற்கு ஏற்றது ‘சுவிஸ் முறை’. 1895ல் சூரிக் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் முதலில் பயன்பட்டதால் இந்தப் பெயர். யாரும் வெளியேறுவதில்லை. முதல் சுற்றில் குலுக்கல் முறையில் இணை சேர்க்க வேண்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே எண்ணிக்கையில் வென்றவர்கள் ஒருவரோடொருவர் மோதுவர். ஏற்கெனவே மோதிய இருவர் மீண்டும் சந்திக்கக்கூடாது.

எட்டுப் பேருக்கு இதன் கணக்கு அழகாக அமைகிறது. முதல் சுற்று முடிவில் நான்கு பேருக்கு ஒரு வெற்றி. இரண்டாம் சுற்று முடிவில் இரண்டு வெற்றி பெற்றவர் இருவர், ஒரு வெற்றி பெற்றவர் நால்வர், வெற்றியே இல்லாதவர் இருவர். மூன்றாம் சுற்றில் முதல் மேசையில் நடப்பது இறுதியாட்டம்போல அமையும். அதே நேரத்தில் கடைசி மேசையில், அதுவரை வெல்லாத இருவர் மோதுவார்கள். அவர்களில் ஒருவர் கட்டாயம் வெல்வார். சமநிலை ஆட்டங்கள் இல்லாவிட்டால், மூன்று வெற்றியுடன் ஒருவர், இரண்டு வெற்றியுடன் மூவர், ஒரு வெற்றியுடன் மூவர் என நாள் முடியும். வெற்றியே இல்லாமல் வீடு திரும்புபவர் ஒருவர் மட்டுமே. 16 பேர் வந்தால் நான்கு சுற்று, 32 பேர் வந்தால் ஐந்து சுற்று தேவைப்படும்.

குலுக்கலில் ஒரு சிறு திருத்தம் செய்வது நல்லது. ஒரே காரில் வந்த இருவரையோ, வாரந்தோறும் தங்களுக்குள் ஆடும் அண்ணன் தம்பியையோ முதல் சுற்றில் மோதவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். இதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்தால் ஒருவருக்கு எதிராளி இருக்கமாட்டார். அவருக்கு வெற்றிப்புள்ளி கொடுத்துச் சும்மா உட்காரவைப்பது ஏட்டளவில் நியாயம்தான். ஆனால், இரண்டு மணி நேரம் அவர் என்ன செய்வார்? ஏற்பாட்டாளரே ஒரு படையைக் கையில் வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் ஆட இறங்குவது மேல். எண்ணிக்கை சரியாக இருந்தால் அவர் ஆடாமல் இருப்பது எல்லாருக்கும் நிம்மதி.

சம வெற்றிகளுடன் நிற்பவர்களை எப்படி வரிசைப்படுத்துவது? ‘யார் அதிக வித்தியாசத்தில் வென்றார்’ என்று பார்ப்பது பொதுவான வழக்கம். நண்பர் குழுவுக்கு அது நல்லதல்ல. பாதி ஆட்டத்திலேயே தோற்றுவிட்ட புதியவரை, கூடுதல் புள்ளிக்காகக் கடைசி வீரர்வரை துரத்தித் துரத்தி அடிக்கும்படி அது தூண்டும். அதற்குப் பதிலாக, ஒருவர் மோதிய எதிராளிகள் அனைவரும் பெற்ற வெற்றிகளைக் கூட்டிப் பார்க்கலாம். கடினமான எதிராளிகளைச் சந்தித்தவர் முன்னே நிற்பார்.

நேரம்தான் பெரிய தலைவலி

சண்டை வருவது பெரும்பாலும் விதிகளால் அல்ல, நேரத்தால். 2,000 புள்ளி ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் என்று விதிநூல் சொல்கிறது. மூன்று ஆட்டங்கள் என்றால் ஒன்பது மணி நேரம். சாப்பாடு, இடைவேளை எல்லாம் சேர்த்தால் காலை 9 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிவரை போகும். மூன்றாவது ஆட்டத்தில் பகடையைக் கூட்டிச் சொல்லக்கூட யாருக்கும் தெம்பு இருக்காது. முதன்முறையாக நடத்துபவர்கள் 1,000 புள்ளியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் போதும்.

ஓர் ஆட்டத்தில் ஐந்து படைச் சுற்றுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் இருவருக்கும் ஆளுக்கொரு முறை. 120 நிமிடத்தைப் பத்தால் வகுத்தால் ஒருவர் முறைக்கு 12 நிமிடம். படைகளை நிறுத்துவதற்கே 15 நிமிடம் போய்விடும் என்பதால் உண்மையில் கிடைப்பது பத்து நிமிடம்தான். இந்தக் கணக்கைப் பங்கேற்பாளர்களிடம் முதலிலேயே சொன்னால் பலர் தங்கள் படையையே மாற்றிக்கொள்வார்கள். அறுபது காலாட்களை ஒவ்வொருவராக நகர்த்துபவருக்குப் பத்து நிமிடம் எப்படிப் போதும்?

மெதுவாக ஆடுபவரால் ஏற்படும் அநியாயம் நுட்பமானது. ஐந்து சுற்று நடக்க வேண்டிய ஆட்டம் இரண்டே சுற்றில் நின்றால், தொடக்கத்தில் வேகமாகத் தாக்கும் படை வெல்லும். பின்னால் பலம்பெறும் படை தோற்கும். மெதுவாக ஆடியவர் வேண்டுமென்றே அப்படிச் செய்யாவிட்டாலும் எதிரே இருப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சதுரங்கக் கடிகாரம் வைத்து ஆளுக்கு 60 நிமிடம் எனப் பிரிப்பது ஒன்று. கைப்பேசிச் செயலியே போதும். நண்பர்களிடம் கடிகாரம் வைக்கக் கூச்சப்படும் குழுக்கள் இரண்டாவது வழியை எடுக்கலாம்: முப்பது நிமிடம் இருக்கும்போது ஏற்பாட்டாளர் உரக்க அறிவிக்க வேண்டும். அதன்பிறகு, இருவரும் தத்தம் முறையை முடிக்க முடியும் என ஒப்புக்கொண்டால் மட்டுமே புதிய படைச் சுற்றைத் தொடங்கலாம். முதல் வழியே சிறந்தது. கடிகாரத்திடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வண்ணம் தீட்டாத படை

பத்தாம் பதிப்பின் விதிப்படி ஆட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 100 வெற்றிப்புள்ளிகள் பெறலாம். அவற்றில் 10 புள்ளிகள், படை முழுவதும் வண்ணம் தீட்டப்பட்டிருப்பதற்கு மட்டுமே. வண்ணப் படைகள் மோதும் மேசை பார்க்க அழகாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், இரண்டு மாதத்துக்கு முன் குழுவில் சேர்ந்தவரின் படை சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் பத்துப் புள்ளி பின்தங்கி நிற்பார்.

மூன்று மாதம் முன்னதாகத் தேதியை அறிவித்தால் இந்த விதியை வைத்துக்கொள்ளலாம். அவசரமாக ஏற்பாடு செய்தால் விட்டுவிடலாம். போட்டிக்கு முதல்நாள் இரவு உட்கார்ந்து வண்ணம் தீட்டுவது நம் ஊர்ப் பருவநிலையில் ஆபத்தான வேலை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது மேற்பூச்சுத் தெளிப்பானை அடித்தால் வெண்படலம் படிந்து மொத்த உழைப்பும் பாழாகிவிடும்.

முப்பரிமாண அச்சில் எடுத்த வீரர்களை அனுமதிப்பதா என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். தயாரிப்பு நிறுவனம் நடத்தும் போட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை. நண்பர் குழு தன் விருப்பப்படி செய்யலாம். ஆனால், வீரர் கையில் எந்த ஆயுதம் இருக்கிறதோ அதுவே பட்டியலிலும் இருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினால் குழப்பம்தான் மிஞ்சும். படைப் பட்டியல்களை ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம். கூட்டல் பிழைகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

மேசையும் சுவரும்

2,000 புள்ளி ஆட்டத்துக்கான களம் 60க்கு 44 அங்குலம், அதாவது ஏறத்தாழ 152க்கு 112 சென்டிமீட்டர். ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட மடக்கு மேசைகள் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் இடம் தாராளமாக இருக்கும். 1,000 புள்ளிக்கு அதே களத்தைப் பயன்படுத்தலாம். இடம் குறைவாக இருந்தால் அதில் பாதியிலும் ஆடலாம்.

களத்தில் சுவர்களும் இடிந்த கட்டடங்களும் போதிய அளவு இல்லாவிட்டால், தூரத்திலிருந்து சுடும் படையே எப்போதும் வெல்லும். பெரிய சுவர்களை நடுவில் வைத்து, இரு பக்கமும் சமமாக இருக்கும்படி அமைக்க வேண்டும். ஒவ்வொரு மேசையையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால், சுற்றுகளுக்கு இடையே இடம்மாறியவற்றைப் பழையபடி வைக்க முடியும்.

உணவு மேசை தனியாக இருக்கட்டும். பரோட்டாவைத் தொட்ட கையால் அடுத்தவர் மாதக்கணக்கில் வண்ணம் தீட்டிய வீரரைத் தூக்குவது நட்புக்கு நல்லதல்ல.

நடுவர் சொல்

விதியில் சந்தேகம் வந்தால் இருவரும் மூன்று நிமிடம் நூலில் தேடலாம். கிடைக்காவிட்டால் நடுவரை அழைக்க வேண்டும். அவர் சொல்வதே முடிவு. தவறாகவே இருந்தாலும் அன்றைய நாள் முழுவதும் எல்லா மேசைக்கும் அதே முடிவுதான். ஆகவே, நடுவர் ஒவ்வொரு தீர்ப்பையும் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். நடுவரே ஆட நேர்ந்தால், அவருடைய மேசைக்கு மட்டும் வேறொருவரை முன்பே நியமிப்பது அவசியம்.

சாய்ந்து நிற்கும் பகடையை மீண்டும் உருட்ட வேண்டும், தரையில் விழுந்தது கணக்கில்லை என்பவற்றையெல்லாம் காலையிலேயே சொல்லிவிடலாம். “இந்த வீரரைச் சுவருக்குப் பின்னால் மறைத்து வைக்கிறேன், உங்களுக்குத் தெரிகிறதா?” என்று நகர்த்தும்போதே கேட்டு ஒப்புக்கொள்ளும் பழக்கம், நடுவரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

பரிசுகள் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பரிசு பெருகப் பெருகப் படைகளும் கடுமையாகும். முதலிடத்துக்கு ஒரு கிண்ணம், வாக்கெடுப்பில் தேர்வாகும் அழகான படைக்கு ஒரு பரிசு, விரும்பத்தக்க எதிராளிக்கு ஒரு பரிசு போதும். இந்தக் கடைசிப் பரிசுக்கு எதிராளிகளை மதிப்பெண் போடச் சொன்னால், தோற்ற கோபத்தில் சிலர் பூஜ்யம் போடுவார்கள். ‘இன்று யாருடன் ஆடியது மிகவும் பிடித்தது’ என்று ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. வெற்றியே பெறாத அந்த ஒருவருக்குப் புதிய பகடைப் பெட்டி ஒன்றைப் பரிசளித்தால், பழைய பகடைமீது பழி போட அவருக்கும் ஒரு வாய்ப்பு.

இவ்வளவு நேரமும் இடமும் இல்லாதவர்களுக்கு 1990ல் வெளிவந்த ‘டிபிஏ’ என்ற பண்டையப் போர் விதிகள் உண்டு. படைக்குப் பன்னிரண்டே பிரிவுகள், களம் இரண்டடிச் சதுரம், ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம். ஆறு பேர் வந்தால் எல்லாரும் எல்லாருடனும் மோத ஐந்து சுற்றுகளே தேவை, ஒரே பகலில் முடித்துவிடலாம். அதன் படைப் பட்டியல்களில் யானைகளுடன் கூடிய தமிழர் படையும் உண்டு என்பது இங்குள்ள ஆட்டக்காரர்கள் பலர் கவனிக்காத செய்தி.

போட்டி முடிந்ததும் முடிவுகளோடு நடுவரின் தீர்ப்புத் தாளையும் குழுவில் பகிர வேண்டும். மேசைகளை மடக்கும் முன் அடியில் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது. உடைந்த வாள், கழன்ற கை, உருண்டோடிய பகடை எனக் குறைந்தது நான்கைந்து பொருள்களாவது கிடைக்கும்.