பறங்கிக்காயும் ஏர் ஃபிரையரும்



நேற்று மகள் பறங்கிக்காயைத் தோலோடு துண்டு போட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு பிசறி ஏர் ஃபிரையரில் வைத்தாள். 200 டிகிரி, 15 நிமிடம். ஓரம் முறுகி, உள்ளே அல்வா மாதிரி வந்தது. "அமெரிக்கச் சமையல் தாத்தா" என்றான் பேரன். மறுக்க வாயெடுத்தேன், முடியவில்லை.

காயே அமெரிக்கக் கண்டத்துக் காய்தான். மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில், கிலா நகிட்ஸ் குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்கு வயது ஏறத்தாழ 10,000 ஆண்டு. 1492-க்குப் பிறகுதான் அது கடல் தாண்டியது. இங்கே வந்திறங்கிய ஐரோப்பியரைப் பறங்கியர் என்றோம். காய்க்கும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. (திருஷ்டிக்கு உடைக்கிற வெள்ளைப் பூசணி வேறு, அது ஆசியக் காய்.)

மிளகாய், உருளை, தக்காளி எல்லாம் வெளியிலிருந்து வந்தவை என்று வகுப்பில் பட்டியல் போட்ட நான், பறங்கியை ஒருநாளும் சேர்த்ததில்லை. மார்கழிக் கோலத்தில் அம்மா சாணிப் பிள்ளையார் தலையில் செருகிய மஞ்சள் பூ அந்தக் கொடியின் பூ ஆயிற்றே, எப்படித் தோன்றும்? பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால், அந்தப் பட்டியலின் கீழே பறங்கியையும் எழுதிக்கொள்ளுங்கள்.