ஒற்றைத் தலைவலி, ஒரு கணக்கு அதிகாரி, செட்டியப்பட்டி

 

திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் போனால் சின்னாளப்பட்டி, காந்திகிராமம். 1947ல் டாக்டர் சௌந்தரம் அம்மா தொடங்கிய இடம், அது உங்களுக்குத் தெரியும். அதே பக்கம் செட்டியப்பட்டியில் "தம்ம மதுரா"ன்னு ஒரு விபாசனா தியான மையம் இருக்கு. பத்து நாள் பயிற்சி. காலை 4 மணிக்கு எழுந்திரிக்கணும், யார்கிட்டயும் பேசக்கூடாது. பத்தாவது நாள் மௌனம் முடியும்போது சொல்லித்தருவது "மெத்தா பாவனை". மெத்தா பாலிச் சொல். எல்லா உயிரும் நல்லா இருக்கணும்னு மனசார நினைக்கிற பயிற்சி.

"அங்க போனா தலைவலி போயிருமா டாக்டர்?" இது என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி. அந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருக்குங்க.

இந்தப் பயிற்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்த எஸ்.என்.கோயங்கா 1924ல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி. கடுமையான மைக்ரேன். மார்ஃபின் ஊசி போட்டாத்தான் அடங்கும். ஊசிக்கே அடிமையாகிடுவோம்னு பயம் வந்து ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான்னு வைத்தியம் தேடி அலைஞ்சார். பிரயோஜனம் இல்லை. 1955ல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போனார். அவர் துறவி இல்லை, பர்மா அரசின் தலைமைக் கணக்கு அதிகாரி! அவர் சொன்னது: தலைவலிக்காக வந்திருந்தா சேர்த்துக்க மாட்டேன், மனசைச் சுத்தம் பண்ணணும்னா வா. (எந்த டாக்டருக்கும் இந்தத் தைரியம் வராது.) கோயங்கா திரும்பிப் போய், அப்புறம் யோசிச்சு வந்து சேர்ந்தார். தலைவலியும் போச்சு. அது ஒரு மனுஷரோட அனுபவம், மருந்துச் சீட்டு இல்லை. உங்க மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. மனநோய்க்குச் சிகிச்சையில் இருந்தால் உங்க டாக்டரைக் கேட்காமல் பத்து நாள் மௌனத்துக்குப் போகாதீங்க.

1969ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு இந்தியா வந்தவர், பம்பாயில் தன் பெற்றோர் உட்பட ஒரு சின்ன குழுவுக்கு முதல் வகுப்பு எடுத்தார். செட்டியப்பட்டிக்கு வந்த வழி அதுதான்.

ஆனா மெத்தாவுக்குப் படிப்படியா பாடம் எழுதிவச்சவர் ரொம்பப் பழையவர். ஐந்தாம் நூற்றாண்டின் புத்தகோசர். நூல் விசுத்திமக்கம். எழுதினது அனுராதபுரம் மகாவிகாரையில். அதுக்கு முன்னாடி காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரே தன் உரை ஒன்றில் சொல்றார். அந்த நூலுக்கு விளக்கம் எழுதியவராக மரபு சொல்ற தம்மபாலரும் தமிழ்நாட்டுக் கடற்கரை விகாரையைச் சேர்ந்தவர். நம்ம ஊர் வழியா இலங்கை, பர்மான்னு சுத்திட்டு வந்த சரக்கு இது.

அவர் சொல்ற வரிசை: முதலில் நீ. அப்புறம் உனக்குப் பிரியமானவர். அப்புறம் விருப்பும் வெறுப்பும் இல்லாத யாரோ ஒருத்தர். கடைசியா எதிரி. "முதலில் நீ"ன்னா சுயநலம்னு நினைச்சிராதீங்க. நூறு வருஷம் தன்மேலயே மெத்தா பண்ணினாலும் தியானம் கைகூடாதுன்னு அவரே அடிச்சுச் சொல்றார். எனக்குச் சுகம் வேணும் மாதிரிதானே அவனுக்கும்னு புரியறதுக்கு நீ ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

எதிரியை நினைச்சதும் கோபம் பொங்கினா? அதுக்கு வரிசையா வைத்தியம் வச்சிருக்கார். அடுத்தவன்மேல எறிய நெருப்புத் துண்டைக் கையில் எடுத்தவனுக்குத்தான் முதலில் சுடும்னு யோசி. அப்பவும் அடங்கலையா, எதுமேல கோபம்னு பிரிச்சுப் பாரு: முடிமேலயா, நகத்துமேலயா, பல்லுமேலயா? அனாடமி வகுப்பில் எங்களுக்கு இப்படி யாரும் சொல்லித்தரலை. எதுவுமே பலிக்கலைன்னா, அந்த ஆளுக்கு ஏதாவது பரிசு கொடுத்துப் பாருங்கறார்.

என்னை உட்கார வச்ச இடம் வேற. ஒரு பிக்கு, அவருக்குப் பிரியமானவர், யாரோ ஒருத்தர், எதிரி, நாலு பேரும் உட்கார்ந்திருக்காங்க. கொள்ளைக்காரங்க வந்து, பலி கொடுக்க ஒருத்தரைக் கொடுன்னு கேட்கிறாங்க. "எதிரியைக் கொண்டு போ"ன்னா மெத்தா இன்னும் பழுக்கலை. சரி. "என்னையே கொண்டு போ"ன்னாலும் பழுக்கலையாம்!

இதைப் படிச்சதும் என் ஓ.பி. தான் ஞாபகம் வந்தது. படுக்கையில் கிடக்கிற மாமியாருக்கு வேளை தவறாமல் மாத்திரை வாங்கிட்டுப் போற மருமகள்கள், டயாலிசிஸுக்குப் புருஷனைக் கூட்டிட்டு வர்ற அம்மாக்கள். "உங்க பிரஷர் பார்த்தீங்களாம்மா?"ன்னு கேட்டா, "எனக்கு என்ன சார், அவர் நல்லா இருந்தாப் போதும்"பாங்க. பார்த்தா 180 இருக்கும். இதைத் தியாகம்னு நாம கைதட்டுறோம். புத்தகோசர் கணக்கில் நாலு பேரில் ஒருத்தரைக் கொள்ளைக்காரன்கிட்ட கொடுத்தாச்சு.

செட்டியப்பட்டிக்கு எப்படிப் போறதுன்னு கமெண்டில் கேட்பீங்க. முன்பதிவு அவசியம். கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் முன்னாடி பயிற்சி முடிச்சவங்க கொடுத்த நன்கொடையில் நடக்குது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒருதடவை பிரஷர் பார்த்துக்கோங்க.