ஒளி கொண்டு வாயு அறிந்த வரலாறு

உடையார்கட்டு முதலிய வன்னியூர்களின் வாழ்வு குளத்தையும் கிணற்றையும் சார்ந்தது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய மக்கள், பாழடைந்து கிடந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க வேண்டியவராயினர். அத்தகைய கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்த்தல் முன்னோர் கைக்கொண்ட எச்சரிக்கை. சுடர் அணையின் உள்ளே ஒட்சிசன் குறைவு. காணா வாயுவைக் காணா ஒளியால் அறியும் கருவி பின்னர்த் தோன்றியது. அது விளக்கின் இடத்தைக் கொள்ளுமோ என்பது ஆராயத்தக்கது.

1887இல் ஜேர்மனிய அறிஞர் ஹேட்ஸ், ஊதாக்கடந்த ஒளி படுங்கால் மின்பொறி எளிதிற் பாய்வதைக் கண்டார். 1900இல் இலெனாட், அவ்வொளி வாயுக்களையும் அயனாக்கும் எனக் காட்டினார். ஒளிச்சத்தி சிறு பொதிகளாக வருகின்றதென 1905இல் ஐன்ஸ்ரைன் எழுதிய கட்டுரையின் இறுதிப் பகுதி இவ்வயனாக்கத்தைப் பற்றியதே. மூலக்கூற்றிலிருந்து இலத்திரனைப் பெயர்க்க ஒரு பொதியின் சத்தி போதாதாயின், விளக்கைப் பெருக்கியும் பயனில்லை. 1960இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் லவ்லொக், இம்முறையில் வாயுக்களைப் பகுத்தறியும் உணரியொன்றை விவரித்தார். 1970களிற் கையிற் கொண்டுசெல்லத்தக்க கருவிகள் விற்பனைக்கு வந்தன.

அதன் அமைப்பு எளிது. கிரிப்தன் நிரப்பிய விளக்கு 10.6 இலத்திரன் வோல்ற்றுச் சத்தியுள்ள ஒளியை வீசும். கண்ணாடி அவ்வொளியை மறிக்குமாதலின், விளக்கின் சாளரம் மகனீசியம் புளோரைட்டுப் பளிங்கால் அமையும். அயன்கள் இரு மின்வாய்களை நாட, நுண்ணிய மின்னோட்டம் பாயும். அதன் அளவே வாயுவின் அளவைக் காட்டும். பென்சீனுக்கு 9.24, ஐதரசன் சல்பைட்டுக்கு 10.46 போதும், ஆகவே இவை புலப்படும். காற்றின் ஒட்சிசனுக்கும் நைதரசனுக்கும் மிகுந்த சத்தி வேண்டுமாதலின் அவை இடையூறு செய்யா.

ஆயின், மெதேனுக்கு 12.6, காபனீரொட்சைட்டுக்கு 13.8, காபனோரொட்சைட்டுக்கு 14.0 வேண்டும். பாழ்கிணற்றில் அஞ்சத்தக்க இவற்றின் முன்னே இக்கருவி ஊமை. 1984 டிசெம்பரிற் போபால் மக்களை மாய்த்த மீதைல் ஐசோசயனேற்றுக்கும் 10.67 வேண்டும், அதனை அறிய 11.7 தரும் ஆகன் விளக்கே உதவும்.

பழைய விளக்கும் குறைவுடையதே. நீரிறைக்கும் இயந்திரம் கக்கும் காபனோரொட்சைட்டை அது காட்டாது. மெதேன் திரண்டிருப்பின் வெடிக்கத் தானே காரணமாகும். ஆதலின் கிணற்றுக்கு ஏற்றது ஒட்சிசன், எரிவாயு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு என்பவற்றைத் தனித்தனி உணரிகளால் அளக்கும் கருவியே. கருவி எதனை அறியாது என்பதை அறியாதவர், அதன் மௌனத்தைக் காப்பெனக் கொண்டு இறங்குவர். அவ்விடத்தே உயிர் போகும்.