அறுவை நடந்த ஊர்களும் ஆணை பிறந்த ஊரும்

சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்டுத் திருவனந்தபுரம் வழியாகக் கொல்லம் போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ், நடுவில் திண்டுக்கல்லில் நிற்கிறது. பாலின மாற்று அறுவை சிகிச்சையின் தென்னிந்திய வரலாற்றில் திண்டுக்கல், திருவனந்தபுரம் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் முக்கிய இடம் உண்டு. திண்டுக்கல் அந்த அறுவையைச் செய்த ஊர். ஆனால் அதைப் பற்றி அது பேசியதில்லை. திருவனந்தபுரம் அதைப் பற்றி நிறையப் பேசிய ஊர். கொள்கை எழுதியது, பணம் ஒதுக்கியது, குழு அமைத்தது. செய்வதற்கும் பேசுவதற்கும் இடையிலிருக்கும் இந்த இடைவெளியில் பதிவேடு என்கிற ஒன்று தொலைந்துபோனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருநங்கையர் வழக்கில் இந்த அறுவைக்குப் பெயர் நிர்வாணம். சமூகத்து மூத்தவர் ஒருவர் இரவில் கத்தியால் செய்வது தாயம்மா நிர்வாணம். மருத்துவர் செய்வது டாக்டர் நிர்வாணம். முன்னதில் உயிர் பிழைப்பது தெய்வத்தின் கையில் என்பார்கள். பின்னது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் பரவியபோது சில ஊர்ப் பெயர்கள் ஜமாத்துகள் எனப்படும் திருநங்கையர் சமூகக் குழுக்களுக்குள் வாய்வழியாகப் புழங்கின. திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி தம் தன்வரலாற்றில் அறுவை நடந்த ஊராகக் குறிப்பிடுவது திண்டுக்கல். இன்னொரு திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யா ‘நான், சரவணன் வித்யா’ என்ற தன்வரலாற்று நூலில் குறிப்பிடுவது ஆந்திரத்தின் கடப்பா. இரண்டும் சிறு நகரங்கள், இரண்டுக்கும் ரயில் வசதி உண்டு. கடப்பா மும்பை–சென்னை இருப்புப் பாதையிலேயே இருப்பதால் புணேயிலும் மும்பையிலும் பிச்சையெடுத்துச் சேர்த்த காசோடு வந்திறங்க வசதியான இடம்.

இவ்விருவரின் தன்வரலாறுகளையும் இலக்கியமாகப் படித்தவர்கள் பலர். மருத்துவ வரலாற்றின் சான்றாகவும் அவற்றைப் படிக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள்; நினைவு தப்புவதில்லை. அறுவை என்பது பெரும்பாலும் அகற்றுவதோடு முடிந்துவிடுகிறது. புதிதாக உறுப்பை அமைக்கும் நுட்பம் அங்கே இல்லை. காயம் ஆறுவதற்குள் ஊரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இருவர் எழுத்திலும் அறுவைக்குப் பிந்தைய நெடுந்தூர ரயில் பயணம் வருகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் போன பயணத்தை வித்யா எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்தால், சிகிச்சையில் மருத்துவமனையின் பங்கு எவ்வளவு குறைவு என்பது விளங்கும். பிந்தைய கவனிப்பு முழுவதும் ஜமாத்தின் பொறுப்பு. நாற்பது நாள் தனியே இருக்க வேண்டும், கண்ணாடி பார்க்கக் கூடாது, காயத்துக்கு வெந்நீர் ஒத்தடம். கடைசியில் மஞ்சள் பூசி, பச்சை நிறப் புடவை கட்டி, தங்கள் தெய்வமான மாதாவுக்குப் படைத்துச் சடங்கு. மடமை என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தக் காலத்தில் நோயாளிக்குக் கிடைத்த ஒரே வார்டு அதுதான்.

மருத்துவர்கள் ஏன் ஒளிந்து செய்தார்கள்? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 320ஆம் பிரிவில் கொடுங்காயங்களைப் பட்டியலிடும்போது முதலாவதாக வைத்தது ஆண்மை நீக்கத்தை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம், அதன் இரண்டாம் பகுதியில், ‘அலிகள்’ எனத் தான் வகைப்படுத்தியவர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணித்தது. அது வட இந்தியாவில்தான் முனைப்பாக நடந்தது என்றாலும் அதன் நிழல் நீண்டது. நோயாளியின் சம்மதத்தோடு, அவர் நலனுக்காக, நல்லெண்ணத்தில் செய்த செயல் குற்றமாகாது என்று அதே தண்டனைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு சொன்னது. அதை நம்பிக் கத்தியை எடுக்கப் பெரிய மருத்துவமனைகள் தயங்கின. எடுத்தவர்கள் சிறு நர்சிங் ஹோம்காரர்கள். சட்டத்தின் ஓரத்தில் நின்று செய்யும் காரியத்துக்கு விரிவான பதிவேடு வைக்க யாருக்கும் தோன்றாது. பதிவு இல்லாவிட்டால் புகார் இல்லை. புகார் இல்லாவிட்டால் தவறும் இல்லை. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்தப் பட்டியலைத் தன் 116ஆம் பிரிவில் அதே முதல் வரியோடு வைத்திருக்கிறது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

திண்டுக்கல்லின் பெருமைகளைச் சொல்லச் சொன்னால் பூட்டு, பிரியாணி, தோல் பதனிடுதல், மலைக்கோட்டை என்று வரும். தொலைவிலிருந்து வந்து உயிரைப் பணயம் வைத்துப் போனவர்களின் கதை அந்த வரிசையில் வராது.

ஒப்பிடத்தக்க வேறோர் ஊர் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப் பொலிவிழந்த ட்ரினிடாட். மக்கள்தொகை ஒன்பதாயிரத்தைச் சுற்றி. கொரியப் போரில் ராணுவ அறுவை மருத்துவராக இருந்த ஸ்டான்லி பைபரிடம் 1969இல் அறிமுகமான சமூகப் பணியாளர் ஒருவர் தமக்கு அறுவை செய்ய முடியுமா என்று கேட்டார். பைபர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து வரைபடங்களை வரவழைத்துப் பார்த்துச் செய்தார். கன்னியாஸ்திரிகள் தொடர்புடைய மருத்துவமனை. அவர்கள் கண்ணில் படக் கூடாதென்று முதல் நோயாளிகளின் கோப்புகளைப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார்கள். ஒளிந்து செய்வதில் ட்ரினிடாட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே கோப்பு என்று ஒன்று இருந்தது. பிறகு பைபர் ஊர்ப் பாதிரியார்களைக் கூட்டி, என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று விளக்கினார். மருத்துவமனைக்கு வருமானம் வந்தது. ஊர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது. அவரை மாவட்ட நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கவும் செய்தது. ‘பாலின மாற்றத்தின் தலைநகரம்’ என்று வெளியூரார் பட்டம் கொடுத்தபோது உள்ளூரில் பலர் முகம் சுளித்தார்கள். 2003இல் அவரிடமிருந்து பொறுப்பேற்ற மார்சி பவர்ஸ் 2010இல் கலிபோர்னியாவுக்குப் போய்விட, அந்தத் தொழில் ஊரை விட்டு அகன்றது. சில ஆண்டுகளில் கொலராடோ கஞ்சா விற்பனையைச் சட்டபூர்வமாக்க, ட்ரினிடாட் அந்தக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. தர்மசங்கடத்தை வருமானமாக்கும் கலை அந்த ஊருக்குக் கைவந்துவிட்டது போலும்!

தென்னிந்தியாவில் மாற்றம் ஊர்களிடமிருந்து வரவில்லை, அரசிடமிருந்து வந்தது. தமிழ்நாடு 2008இல் நல வாரியம் அமைத்து, அரசு மருத்துவமனையில் இலவச அறுவைக்கு வழி திறந்தது. உச்ச நீதிமன்றத்தில் 2014 ஏப்ரல் 15 அன்று, கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அமர்வு, திருநர் உரிமைகள் பற்றிய நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. பாலின அடையாளத்தை ஏற்க அறுவையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்று அது சொன்னது.

கேரளத்தின் கதை இங்கே தொடங்குகிறது. அதற்கு முன் அந்த மாநிலத்தின் திருநர் பலர் வீட்டுக்கும் ஊருக்கும் அஞ்சிப் பெங்களூருக்கும் தமிழகத்துக்கும் போய்விட்டார்கள். கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னணியில் நின்ற மாநிலம் இந்த ஒரு நோயாளிக் கூட்டத்தை மட்டும் எல்லைக்கு அப்பால் அனுப்பிக்கொண்டிருந்தது. 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி திருவனந்தபுரத்தில் இருந்தபோதும் இதுதான் நிலை. 2015 நவம்பரில் திருவனந்தபுரத்தை ஒட்டிய கோவளத்தில் நடந்த பாலினச் சமத்துவ மாநாட்டில் மாநிலத் திருநர் கொள்கை வெளியானது. இந்தியாவில் அப்படியொரு கொள்கையை முதலில் கொண்டுவந்த மாநிலம் கேரளம். அதன் பின் ‘மழவில்லு’ திட்டம், தனிப் பிரிவு, நீதி வாரியம். அறுவைக்கான உதவித்தொகை திருநங்கையருக்கு 2.5 லட்சம், திருநம்பியருக்கு 5 லட்சம் என உயர்ந்தது. மார்பு, கருப்பை, புதிய உறுப்பு எனத் திருநம்பியரின் அறுவை பல கட்டங்களாக நடப்பதால் இந்த வேறுபாடு. அறுவைக்குப் பின் ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் தொடர் சிகிச்சை உதவியும் உண்டு. நாற்பது நாள் வெந்நீர் ஒத்தடத்தின் இடத்தில் அரசின் காசோலை வந்து அமர்ந்தது. பெரிய மாற்றம்தான், சந்தேகமில்லை.

ஆனால் காசோலை கையெழுத்தாவது தலைமைச் செயலகத்தில். கத்தி இருப்பது, பெரும்பாலும், தனியார் கையில். கேரளத்தின் முதல் திருநர் வானொலி அறிவிப்பாளர் என அறியப்பட்டவர், 2021 சட்டமன்றத் தேர்தலில் வேங்கரா தொகுதியில் வேட்பாளராக இறங்கிப் பின்னர் விலகியவர் அனன்யா குமாரி அலெக்ஸ். 2020இல் கொச்சியின் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்துகொண்டார். ஓராண்டு கழித்தும் வலி தீரவில்லை, நெடுநேரம் நிற்க முடியவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். மருத்துவமனை குற்றச்சாட்டை மறுத்தது. 2021 ஜூலை 20 அன்று தம் குடியிருப்பில் இறந்துகிடந்தார். குற்றம் யாருடையது என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. இதுவரை ஜமாத்துக்குள் அடங்கிப் போயிருந்த வலி முதன்முறையாக மாநிலத் தலைநகரின் கதவைத் தட்டியது என்பதே இங்கே முக்கியம். இந்த அறுவைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்க நிபுணர் குழு அமைக்கப்படும் என்று சமூக நீதி அமைச்சர் ஆர். பிந்து அறிவித்தார். கொள்கை வெளியாகி அப்போது கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள். பணம் முதலில் வந்தது, தரக் கட்டுப்பாடு பற்றிய யோசனை ஒரு சாவுக்குப் பின் வந்தது.

திருநர் உரிமைப் பாதுகாப்புக்கென நடுவண் அரசு கொண்டுவந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் சிக்கலைக் கூட்டியது. அது இயற்றப்பட்ட வடிவில், திருநர் என்ற சான்றுக்கு அறுவை வேண்டாம். ஆனால் ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்று வேண்டுமென்றால் 7ஆம் பிரிவின்படி அறுவைக்கான மருத்துவச் சான்று வேண்டும். நால்சா தீர்ப்பு தூக்கி எறிந்த நிபந்தனை பின்வாசல் வழியாக வந்துவிட்டது. இதனால் கத்தியைத் தேடிப் போகும் கட்டாயம் கூடுகிறது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு, அறுவைக்கும் அதற்கு முன்னும் பின்னுமான ஆலோசனைக்கும் அரசே வசதி செய்ய வேண்டும் என்கிறது. இரண்டில் எதை அரசுகள் முதலில் கறாராகக் கடைப்பிடிக்கின்றன என்பதை எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் போய்ப் பார்க்கலாம்.

திண்டுக்கல் பதிவேடு வைக்காததற்குச் சட்டத்தின் அச்சம் காரணம். திருவனந்தபுரத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் அறுவையையும் யார் செய்தார், எங்கே செய்தார், ஓராண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார், மறு அறுவை தேவைப்பட்டதா என்ற விவரங்களை, நோயாளியின் பெயரை மறைத்து, கேரள சமூக நீதித் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உதவித்தொகைத் திட்டத்தில் சேரும் மருத்துவமனைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுப்பதை நிபந்தனையாக்க வேண்டும். தமிழ்நாடும் அதையே செய்ய வேண்டும்.