ஜானி சில்வெஸ்டர் பந்து

ஜானி சில்வெஸ்டர் பந்து என்பது, 1926 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நோயுற்றிருந்த ஜானி சில்வெஸ்டர் என்னும் 11 அகவைச் சிறுவனுக்கு நியூயார்க் யாங்கீஸ் அணியினர் கையொப்பமிட்டு அனுப்பிய பந்து ஆகும். பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தின் வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட கையொப்பப் பந்துகளுள் இதுவும் ஒன்று. அவ்வணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத், புதன்கிழமை ஆட்டத்தில் உனக்காக ஒரு ஹோம் ரன் அடிப்பேன் என்னும் பொருள்படும் வரியை இப்பந்தின் மீது தம் கைப்பட எழுதியிருந்தார். அந்தப் புதன்கிழமையன்று அவர் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். சிறுவனும் பின்னர் நலமடைந்தான். இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து எழுந்த கதை அமெரிக்காவில் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது.

பின்னணி

அடிபந்தாட்டத்தில், அடிக்கப்பட்ட பந்து களத்தின் எல்லையைத் தாண்டிச் செல்லும்போது அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் பெறுவது ஹோம் ரன் எனப்படும். கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டத்தில் பெறப்படும் ஆறு ஓட்டங்களோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். ஆயினும் ஹோம் ரன் அதைவிட அரிதானது. பல ஆட்டங்களில் ஓர் அணி ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் போவதுண்டு. எனவே, குறிப்பிட்ட ஒரு நாளில் ஹோம் ரன் அடிப்பதாக முன்கூட்டியே வாக்களிப்பது எளிதில் செய்யக்கூடிய செயல் அன்று. அக்காலத்தில் ஹோம் ரன் அடிப்பதில் தலைசிறந்து விளங்கிய பேப் ரூத்தே 1926 ஆம் ஆண்டின் வழமையான பருவம் முழுவதிலும் 47 ஹோம் ரன்கள்தாம் அடித்திருந்தார்.

ஓர் அணியின் ஆட்டக்காரர்கள் பலரும் ஒரே பந்தில் கையொப்பமிட்டு அன்பளிப்பாக வழங்கும் வழக்கம் அப்போது பரவலாக இருந்தது. அடிபந்தின் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம் வரை மட்டுமே. அதன் வெண்ணிறத் தோலுறை எட்டு வடிவிலான இரண்டு துண்டுகளை 108 இரட்டைத் தையல்களால் இணைத்து அமைக்கப்படுவது. தையல்கள் ஒன்றையொன்று நெருங்கிவரும் இடத்தில் ஒரு குறுகிய வெற்றிடம் அமைகிறது. பந்தைக் கையில் எடுப்பவரின் கண் முதலில் செல்லும் இடம் இதுவே. இவ்விடத்தை அணியின் மேலாளருக்கோ முதன்மை ஆட்டக்காரருக்கோ விட்டுவைப்பது மரபு. ஏனையோர் மற்ற இடங்களில் தத்தம் பெயரை எழுதுவர்.

ஜானியின் நோய்

ஜான் டேல் சில்வெஸ்டர் 1915 ஆம் ஆண்டு பிறந்தார். அவரது குடும்பம் நியூ ஜெர்சி மாநிலத்தின் எசெக்ஸ் ஃபெல்ஸ் என்னும் ஊரில் வாழ்ந்தது. தந்தை நியூயார்க் நகரின் நேஷனல் சிட்டி வங்கியில் உயர் பதவி வகித்தவர். 1926 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஜானி குதிரையிலிருந்து கீழே விழுந்ததாகவும், அப்போது குதிரையின் உதை தலையில் பட்டதாகவும், அதன் விளைவாக மண்டை ஓட்டு எலும்பில் சீழ்த்தொற்று ஏற்பட்டதாகவும் கூறப்படுகிறது. அன்றைய செய்தித்தாள்கள் நோயைப் பற்றி ஒன்றுக்கொன்று மாறுபட்ட செய்திகளை வெளியிட்டன. சில நாளிதழ்கள் குருதி நஞ்சேற்றம் என்றும், வேறு சில முதுகெலும்பு நோய் என்றும் எழுதின.

நோயின் பெயர் எதுவாயினும் அதனால் விளைந்த அச்சம் பொய்யானது அன்று. பென்சிலின் 1928 ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. அது மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 1940களில் ஆகும். 1926 ஆம் ஆண்டில் எலும்பிலோ குருதியிலோ பரவும் தொற்றை அழிக்கவல்ல நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எதுவும் மருத்துவர்களிடம் இல்லை. நோயாளியின் உடல் தானாகவே தொற்றை வெல்லும் வரை காத்திருப்பதே பெரும்பாலும் வழியாக இருந்தது. இத்தகைய காத்திருப்பின்போதுதான் ஜானி பேப் ரூத்தின் கையொப்பமிட்ட பந்து ஒன்றைக் கேட்டதாகக் குடும்பத்தினர் தெரிவித்தனர்.

பந்துகள் வந்த விதம்

அவ்வாண்டின் உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியும் மோதின. அக்டோபர் 2, 3 ஆகிய நாட்களில் நியூயார்க்கில் இரண்டு ஆட்டங்கள் நடைபெற்றன. பின்னர் இரு அணிகளும் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றன. ஜானியின் குடும்பத்தார் அங்கிருந்த அணியினருக்குத் தந்தி மூலம் கோரிக்கை விடுத்தனர். அதற்கு மறுமொழியாக வானஞ்சலில் ஒரு பொதி வந்து சேர்ந்தது. செயின்ட் லூயிஸ் நகரையும் சிக்காகோவையும் இணைக்கும் வானஞ்சல் சேவை அவ்வாண்டு ஏப்ரலில்தான் தொடங்கப்பட்டிருந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

பொதியில் இரண்டு பந்துகள் இருந்தன. ஒன்றில் கார்டினல்ஸ் அணியினரின் கையொப்பங்கள் இருந்தன. மற்றொன்றில் யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் சிலரின் கையொப்பங்களும், ரூத் எழுதிய வாக்குறுதியும் காணப்பட்டன. களத்தில் எதிரெதிராக நின்ற இரு அணிகளும் ஒரே சிறுவனுக்காகப் பந்து அனுப்பிய செய்தி, பிற்காலக் கதைகளில் பெரும்பாலும் விடுபட்டுவிட்டது. செய்தி நாளிதழ்களில் வெளிவந்த பின்னர், கால்பந்து வீரர் ரெட் கிரேஞ்ச் ஒரு கால்பந்தையும் டென்னிஸ் வீரர் பில் டில்டன் ஒரு மட்டையையும் ஜானிக்கு அனுப்பினர்.

அக்டோபர் 6 ஆட்டம்

தொடரின் நான்காவது ஆட்டம் 1926 அக்டோபர் 6 புதன்கிழமையன்று செயின்ட் லூயிஸ் நகரின் ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க் அரங்கில் நடைபெற்றது. அதற்கு முன் கார்டினல்ஸ் அணி இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் முன்னிலையில் இருந்தது. ரூத் முதலாம், மூன்றாம், ஆறாம் சுற்றுகளில் ஒவ்வொரு ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடர் ஆட்டம் ஒன்றில் ஒரே ஆட்டக்காரர் மூன்று ஹோம் ரன்கள் அடித்தது அதுவே முதன்முறையாகும். யாங்கீஸ் அணி அவ்வாட்டத்தில் 10-5 என்னும் கணக்கில் வென்றது.

எனினும் தொடரை வென்றது கார்டினல்ஸ் அணியே. அக்டோபர் 10 ஆம் நாள் நடந்த ஏழாவது ஆட்டத்தில் ரூத் மேலும் ஒரு ஹோம் ரன் அடித்தபோதிலும், கார்டினல்ஸ் 3-2 என்று வென்றது. அன்று கடைசியாக ஆட்டமிழந்தவரும் ரூத்தே ஆவார். இரண்டாம் தளத்தைத் திருட்டு ஓட்டமாகக் கைப்பற்ற முயன்றபோது அவர் பிடிபட்டதுடன் தொடர் முடிவுற்றது.

ரூத்தின் வருகை

தொடரை இழந்த மறுநாள், அக்டோபர் 11 அன்று, ரூத் எசெக்ஸ் ஃபெல்ஸ் ஊருக்குச் சென்று ஜானியை அவனது இல்லத்தில் நேரில் கண்டார். இச்சந்திப்பு நாளிதழ்களில் விரிவாக வெளியானது. ரூத்துக்குச் சிறுவர்கள் மீது இருந்த பற்றுக்கு அவரது இளமைக் காலத்தைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. அவர் 1902 ஆம் ஆண்டு, தம் ஏழாம் அகவையில், பால்ட்டிமோர் நகரின் செயின்ட் மேரிஸ் தொழிற்பள்ளியில் சேர்க்கப்பட்டு, தம் இளமையின் பெரும்பகுதியைப் பெற்றோரைப் பிரிந்து அங்கேயே கழித்தவர்.

இந்நிகழ்வு குறித்து வேறொரு துணுக்கும் வழங்குகிறது. அடுத்த ஆண்டில் ஜானியின் உறவினர் ஒருவர் ரூத்தைச் சந்தித்து நன்றி கூறியதாகவும், ரூத் மகிழ்ச்சியுடன் நலம் விசாரித்து வழியனுப்பிய பின்னர், அருகிலிருந்தவர்களிடம் யார் அந்த ஜானி சில்வெஸ்டர் என்று வினவியதாகவும் அது கூறுகிறது. ரூத் பெயர்களை நினைவில் வைத்திருக்க இயலாதவர் என்பது பலரும் அறிந்த செய்தி. மருத்துவமனைகளுக்கும் சிறுவர் இல்லங்களுக்கும் அவர் அடிக்கடி சென்றுவந்தார் என்பதையும் கருத்தில் கொண்டால், இத்துணுக்கு அவரது அக்கறையின்மையைக் காட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை.

செய்தியும் கதையும்

ஆட்டம் முடிந்த ஓரிரு நாட்களிலேயே, ரூத்தின் ஹோம் ரன்களால் சிறுவன் நலம்பெற்றதாகச் செய்திகள் வெளியாகின. காலப்போக்கில் இக்கதை பல மாற்றங்களை அடைந்தது. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

* ரூத் வாக்களித்தது ஒரு ஹோம் ரன் மட்டுமே. மூன்று அடிப்பதாக அவர் வாக்களித்ததாகச் சொல்லப்படுவது பிற்சேர்க்கை.
* வாக்குறுதி பந்தின் மீது எழுதப்பட்டு அஞ்சலில் வந்தது. சிறுவனின் படுக்கையருகே அமர்ந்து நேரில் வாக்களித்ததாகக் கூறுவது தவறு. ரூத்தின் வருகை தொடர் முடிந்த பின்னரே நிகழ்ந்தது.
* ஹோம் ரன்களே நோயைக் குணப்படுத்தின என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. ஜானி முழுமையாக நலமடைந்தார் என்பது மட்டும் உறுதி.

இக்கதையின் தாக்கத்தைத் திரைப்படங்களிலும் காணலாம். லூ கெரிக்கின் வாழ்க்கையைக் கூறும் தி பிரைடு ஆஃப் தி யாங்கீஸ் (1942) படத்தில், மருத்துவமனையிலுள்ள ஒரு சிறுவனுக்கு ஹோம் ரன் அடிப்பதாக வாக்களிக்கும் காட்சி உள்ளது. அப்படத்தில் ரூத் தம் வேடத்தில் தாமே நடித்திருந்தார். ரூத்தின் வாழ்க்கையை ஒட்டி எடுக்கப்பட்ட தி பேப் ரூத் ஸ்டோரி (1948), தி பேப் (1992) ஆகிய படங்களிலும் ஜானி சில்வெஸ்டர் இடம்பெறுகிறார்.

பந்து தரும் சான்று

பழைய கையொப்பப் பந்துகள் பெரும்பாலும் குடும்பக் கதையுடனேயே கைமாறுகின்றன. பாட்டனார் இன்னாரைச் சந்தித்தார், பாட்டியைப் பெண் பார்க்கச் சென்றபோது இதனைப் பரிசாகக் கொடுத்தார் என்பன போன்ற கதைகள் பல வீடுகளில் உண்டு. கதை உண்மையாக இருக்கலாம். ஆனால் பந்து தனக்கெனச் சில சான்றுகளைக் கொண்டுள்ளது. ஆய்வாளர்கள் பொதுவாகப் பின்வருவனவற்றை நோக்குவர்:

* அமெரிக்கன் லீக் பந்துகளில் லீக் தலைவரின் கையொப்பம் அச்சிடப்பட்டது. பான் ஜான்சன் 1927 வரையிலும், எர்னஸ்ட் பார்னர்டு 1931 வரையிலும், வில் ஹாரிட்ஜ் 1959 வரையிலும் அப்பதவியில் இருந்தனர். வில் ஹாரிட்ஜ் பெயர் பொறித்த பந்தில் 1926 ஆம் ஆண்டு அணி கையொப்பமிட்டிருக்க இயலாது.
* பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்ட கையொப்பங்கள் மைப்பேனாவால் இடப்பட்டிருக்க வேண்டும்.
* தோலுறை 1974 வரை குதிரைத் தோலால் ஆனது. அதன் பின்னரே மாட்டுத்தோல் வழக்கத்துக்கு வந்தது.
* கையொப்பமிட்டோர் அனைவரும் ஒரே ஆண்டில் அவ்வணியில் இருந்தவர்களா என்று ஒப்புநோக்கப்படும்.

இவை யாவும் பொருந்தினாலும் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை. முதன்மை ஆட்டக்காரர்களின் பெயர்களை உடைமாற்றும் அறைப் பணியாளர்களே எழுதிக் கொடுத்த பந்துகள் ஏராளமாக உள்ளன. அவை அணியிடமிருந்தே நேரடியாகப் பெறப்பட்டவை. ஆகவே அவற்றை வைத்திருக்கும் குடும்பத்தார் பொய் கூறுபவர் அல்லர். இவை தவிர, விற்பனைக்காகவே செய்யப்படும் போலிகளும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கூட்டரசு புலனாய்வுத் துறை மேற்கொண்ட ஆப்பரேசன் புல்பென் என்னும் நடவடிக்கையில், விளையாட்டு வீரர்களின் கையொப்பங்களைப் பெருமளவில் போலியாக இட்டு விற்றுவந்த குழு பிடிபட்டது.

ஜானி சில்வெஸ்டர் பந்தின் நிலை இவற்றினின்றும் வேறுபட்டது. அதன் கதை அந்த வாரத்து நாளிதழ்களிலேயே பதிவாகியுள்ளது. பந்தும் பல பத்தாண்டுகள் அதே குடும்பத்தின் பாதுகாப்பில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதன்கிழமை என்னும் சொல் அதில் உள்ளது. நடந்து முடிந்த வெற்றியைப் பற்றிப் பின்னர் சொல்லப்படும் வீரக்கதைகள் பல. இங்கோ, நிறைவேறாமல் போயிருக்கக்கூடிய ஒரு சொல் முன்னதாகவே மையால் எழுதப்பட்டுள்ளது. சிறுவன் சாகும் தறுவாயில் இருந்தான் என்பதையோ, ஹோம் ரன் அவனைக் காத்தது என்பதையோ இப்பந்து மெய்ப்பிக்கவில்லை. முன்பின் அறியாத ஒரு சிறுவனுக்காக, தவறினால் வெளிப்படையாகத் தெரிந்துவிடக்கூடிய வாக்குறுதி ஒன்றை ரூத் அளித்தார் என்பதை மட்டும் அது மெய்ப்பிக்கிறது.

பிற்கால வாழ்க்கை

ஜானி சில்வெஸ்டர் 1937 ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். பின்னர் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டி பகுதியில் பொதியிடும் இயந்திரங்களைத் தயாரித்த நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தார்.

1947 ஆம் ஆண்டில் ரூத் புற்றுநோயால் துன்புற்றிருந்தபோது, சில்வெஸ்டர் அவரைக் காணச் சென்றார். நோயாளியும் காண வந்தவரும் 21 ஆண்டுகளில் இடம் மாறியிருந்தனர். ரூத் 1948 ஆகஸ்ட் 16 அன்று காலமானார். சில்வெஸ்டர் 1990 ஆம் ஆண்டு சனவரியில், தம் 74 ஆம் அகவையில் மறைந்தார். பந்து பின்னர் பால்ட்டிமோர் நகரில் ரூத் பிறந்த இல்லத்தில் அமைந்துள்ள அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது.

இவற்றையும் பார்க்க

* அடிபந்தாட்டம்
* பேப் ரூத்
* நியூயார்க் யாங்கீஸ்
* உலகத் தொடர்